மருந்து குடிச்ச அம்மை கதை ஸ்டாக் இல்லை

இல்ல செல்வி மோளே, அத மட்டும் கேக்காத. அந்தக் கதை ஸ்டாக் இல்ல. தீந்தாச்சு. கடைய அடச்சாச்சு, கேட்டோ! நீ வாயத் தொறக்க முந்தியே எனக்குத் தெரியும், எதுக்கு இந்த மாடிப்படி ஏறி வந்தேன்னு. நம்ம பழைய பேட்ச் ரெஷ்மா சொல்லி விட்டிருப்பா. "விஜய்குமார் சார்ட்ட போ, மருந்து குடிச்ச அம்மை கதைய எழுதித் தரச் சொல்லு, எந்த யூனிவர்சிட்டியும் கதவத் தொறந்து விட்டுரும்"னு. அவளுக்கென்ன, அயர்லாந்துல ஆட்டுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ போடுதா. இங்க கெடந்து அனுபவிக்கது நான்.

இரி, இரி. அந்தக் கசேரைல வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். மஹேஷ்ட்ட சொல்லிச் சொல்லி எனக்க தொண்ட வத்தியாச்சு. இங்கிலீஷ் கோச்சிங் செண்டர் நடத்துதான், வெளிநாட்டுக்கு ஆளு அனுப்புதான், ஒரு கசேரைக்குக் காலு போட வக்கில்ல. கீழ பேக்கரிக்காரன் பஃப்ஸ் சுடுத மணம் வருதுல்லா? திருவனந்தபுரம் கரமனைல இந்த மாடிக்கு இருக்க ஒரே ஐசுவரியம் அதுதான். மத்தியானம் கிளாஸ் எடுக்கும்போ புள்ளைகளுக்குக் கவனம் பூரா மூக்குல இருக்கும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆ, கதை. ஒனக்கு அந்தக் கதை தெரியும்லா? தெரியாம இருக்குமா. எனக்க அம்மை உச்சிமாகாளி, திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து அப்பாவுக்க கூட இங்க வந்தவ. சாலைத் தெருவுல ஒரு ஹோட்டல்ல பாத்திரம் தேய்ச்சா. காரத்துல கை ரெண்டும் பொத்துச் சொறி வந்துது. ஆஸ்பத்திரில ஒரு குப்பில மருந்து குடுத்தான், மேல தடவதுக்கு. குப்பில இங்கிலீஷுல எழுதியிருக்கு, தடவ மட்டும்தான், குடிக்கக் கூடாதுன்னு. இவ கரண்டில ஊத்திக் குடிக்கா! நான் அப்ப அஞ்சாங்கிளாஸ். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிச்சேன், ஓடிப்போயிக் கரண்டியத் தட்டி விட்டேன். அதுக்குள்ள கொஞ்சம் போயாச்சு உள்ள. தூக்கிட்டு ஓடினோம், பொழச்சா. அன்னைக்கு விழுந்துது மனசுல, இந்த பாஷைய நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கணும்னு. சத்தியமா நடந்தது மோளே! எனக்க அம்மையக் கேளு. அவ என்ன சொல்லுவா தெரியுமா? "குடிச்சதுலதாம்டே சொறி போச்சு"ம்பா. இன்னைக்கும் அந்த மருந்து மேல அவளுக்கு ஒரு தனி மரியாதை.

அந்தக் கதைய மொதல்ல ஒரு நர்ஸுக் கொச்சுக்குக் குடுத்தேன். பாவம், "நீ ஏன் இந்தப் படிப்புக்கு வாற, ரெண்டு பக்கம் எழுது"ன்னு காலேஜ்ல கேட்டிருக்கான், அவளுக்கு எழுத ஒண்ணுமில்ல. அழுதா. எழுதிக் குடுத்தேன். கிடைச்சாச்சு! பின்னே என்ன, வரிசை நிக்க ஆரம்பிச்சாச்சு. ரெஷ்மாக்க அம்மை யாரு? பேங்கு மேனேஜரு! அவளும் மருந்து குடிச்சாச்சு. ஒரு பயலுக்கு அம்மை இல்ல, சின்னதுலயே போயிட்டா. அவனுக்கு சித்தி குடிச்சா. இந்த அப்ளிகேஷன் எல்லாம் வாசிக்கவன் என்ன நெனச்சிருப்பான்? திருவனந்தபுரத்துல பொம்பளைக மருந்தப் பூசதே இல்ல போல, கரண்டில எடுத்துக் குடிக்கதுதான் இவிய வழக்கம்னு நெனச்சிருப்பான்.

என்ன மோளே, கையக் காட்டுத? பாத்ரூமா? வலப்பக்கம் கடைசி. வேண்டாமா? அப்ப இரி. நான் முடிச்சிருதேன்.

எனக்கு இப்ப ஏன் வயித்தெரிச்சல்னு கேளு. மஹேஷ் போன வருஷம் ஒரு சட்டம் போட்டான். இனி வரப்போற அடுத்த பேட்ச் தொடங்க முந்தி, கிளாஸ் எடுக்க எல்லாருக்கும் இங்கிலீஷ் படிப்பிக்கதுக்குன்னே உள்ள எம்.ஏ. வேணுமாம், இல்லேன்னா அதுல சேந்ததுக்கு அட்மிஷன் காயிதமாவது காட்டணுமாம். நம்ம பாஷை இல்லாத பாஷையப் படிப்பிக்கதுக்கு ஒரு தனிப் படிப்பு. காட்டாதவன் கீழ அட்மிஷன் கவுண்டர்ல இருக்கணும். நான் பி.காம். மோளே! வரவு செலவு படிச்சிட்டு நர்ஸுமாருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன், எனக்கு முடி கறுப்பா இருந்த காலத்துல இருந்து. எத்தன பேரு விமானம் ஏறியாச்சு! கவுண்டர்ல போய் இருந்து "டோக்கன் எடுங்க, டோக்கன் எடுங்க"ன்னு சொல்லணுமா நான்? அதுக்கு ஒரு மெஷின் போதும். போர்டு முன்னால நிக்கதத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. வீட்டுல யாரும் எனக்க பேச்சக் கேக்கதில்ல, இங்கதான் கேக்காவ.

சரி, படிச்சிருவோம்னு எறங்கினேன். எந்தக் காலேஜுன்னு தேர்ந்தெடுக்க வேண்டாமா? பொண்ணு பாக்கதுக்குக் கூட இவ்வளவு பேரு அபிப்பிராயம் சொல்லல்ல. எனக்க வீட்டுக்காரி கௌசல்யா இருக்காளே, அவளுக்கு ஆன்லைன்தான் வேணும். ஏதோ ஒரு வெளிநாட்டு யூனிவர்சிட்டி, வீட்டுல இருந்தே படிக்கலாம். ஏன் தெரியுமா? படிச்சிட்டே பாலு வாங்கிட்டு வரலாம், கேஸ்காரன் வந்தா கதவு தொறக்கலாம். நான் கேட்டேன், "ஏம்மா, கிளாஸ் எடுக்கப் படிக்கதுக்கு நெசக் கிளாஸ் வேண்டாமா? லேப்டாப்புக்கு முன்னால இருந்து யாருக்கு நான் படிப்பிக்க? ஒனக்கா?" அதுக்கு அவ பாத்த பார்வைல நான் அந்த யூனிவர்சிட்டிய அன்னைக்கே விட்டுட்டேன்.

இங்க பக்கத்துலயே ஒரு காலேஜ் உண்டு, எம்.ஏ. இங்கிலீஷு. நல்ல காலேஜு, கேண்டீன்ல பொறோட்டா அடிபொளி. ஆனா அங்க சொல்லிக் குடுக்கது பூரா செத்துப்போன வெள்ளக்காரன் எழுதின பாட்டு. ஓடையப் பாத்து ஒரு பாட்டு, குருவியப் பாத்து ஒரு பாட்டு. ரெண்டு வருஷம் குருவியப் படிச்சிட்டு வந்து நான் நர்ஸுமாருக்கு என்ன சொல்லிக் குடுக்க? பேஷண்டுக்கு நெஞ்சு வலிச்சா குருவியக் காட்டு, சரியாப் போகும்னா?

எனக்க மச்சினன் சொல்லுதான், "அத்தான், ஒரு வருஷக் கோர்ஸ், லண்டனுக்கு அங்கன ஒரு டவுனு, போயிட்டு வாங்க"ன்னு. கையில நோட்டீஸ் கொண்டு வந்து காட்டுதான். மொதப் பக்கத்துல பனி. ரெண்டாவது பக்கத்துல அணிலு. மூணாவது பக்கத்துல புல்லுல படுத்துக்கிட்டு எல்லா நெறத்துலயும் நாலு பேரு சிரிக்காவ. பாடம் என்னன்னு ஒரு வரி இல்ல! அணிலப் பாத்து யாராவது யூனிவர்சிட்டி தேர்ந்தெடுப்பானா? எடுக்கான் மோளே. இங்க வந்த பாதிப் பேரு அணிலப் பாத்துதான் விமானம் ஏறினான். அங்க போனப் பொறவுதான் தெரியுது, அந்தக் கோர்ஸுல ஒரு புள்ளைக்கு முன்னால கூட நிக்க விட மாட்டான், பேப்பர் எழுதி எழுதியே வருஷம் போயிரும்னு.

எனக்க அம்மை கிட்ட கேட்டேன். "இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க எதுக்குடே ஒரு படிப்பு? நான் ஒனக்குத் தமிழ் சொல்லித் தந்தேனே, எந்தக் காலேஜுக்குப் போனேன்?" ம்ம். சொல்லிட்டு அவ பாட்டுக்கு அடுக்களைக்குப் போயாச்சு.

ஆனா ஒண்ணு, மத்தவனுக்குத் தேர்ந்தெடுத்துக் குடுக்கதுல என்ன மிஞ்ச ஆளில்ல. ஒனக்கு நான் எப்படிச் சொல்லிக் குடுத்தேன்? மொதக் கேள்வி என்ன கேட்டேன்? யாருக்குப் படிப்பிக்கப் போற, சின்னக் கொழந்தைக்கா, வளந்த ஆளுக்கா? எந்த ஊருல இருந்து படிப்பிக்கப் போற? கிளாஸுக்குள்ள எறக்கி விடுத கோர்ஸா, இல்ல தியரி மட்டுமா? படிப்பிக்க சாருமாரு எப்பவாவது கிளாஸ் எடுத்தவனா, இல்ல புஸ்தகம் மட்டும் எழுதினவனா? இதெல்லாம் கேட்டுட்டுத்தானே ஒனக்கு அந்த ஐதராபாத்துக் காலேஜச் சொன்னேன். ரெண்டாவது செமஸ்டர்லயே கவர்மெண்டு ஸ்கூலுக்கு அனுப்பிருவான். நீ பாடம் எடுக்கணும், பின்னால ஒருத்தர் இருந்து பாத்துக்கிட்டே இருப்பாரு, முடிச்ச ஒடன எங்க தப்பினேன்னு சொல்லுவாரு. அதுதான் படிப்பு! எனக்க வாழ்க்கைல ஒருத்தரும் எனக்குப் பின்னால இருந்து பாத்ததில்ல. நானும் அதே காலேஜுக்குத்தான் அப்ளிகேஷன் போடுதேன். சொல்லல்லியா நான்? ஆமா, ஒனக்கு கிளாஸ்மேட்டு நான். சிரிக்காத.

போன வருஷமே போட்டேன் மோளே. அதுதான் கேளு, அதுதான் வேதனை. எனக்க சொந்தக் கதை, எனக்க சொந்த அம்மை, எனக்க கையால எழுதி அனுப்பினேன். மெயில் வருது. தாங்கள் அனுப்பியுள்ள விவரம் முன்னமே பலர் அனுப்பியதாகக் காணப்படுகிறது, ஆகையால் நிராகரிக்கிறோம்னு. பலராம்! எல்லாம் நான் எழுதிக் குடுத்து அங்க அனுப்பின புள்ளைகதான். எனக்க அம்மை குடிச்சத நான் களவாண்டேனாம்! இனிமே ஒரே விவரம் ரெண்டு பேருட்ட இருந்து வந்தா ரெண்டு பேரையும் தள்ளுவோம்னும் எழுதியிருந்தான். போன் போட்டுச் சொன்னேன், "மேடம், அது என்னுடைய தாயார்"னு. அந்த மேடம் ரொம்ப மரியாதையா, "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுதாங்க"ன்னு வச்சிட்டா.

வீட்டுல போயிச் சொன்னா, எனக்க அம்மை வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிக்கா. "நான் குடிச்சதுல ஊரெல்லாம் விமானம் ஏறிப் போயாச்சு. பெத்த புள்ளை மட்டும் கரமனைல கெடக்கு"ன்னா. அவ சிரிக்கா. நான் அந்த மெயிலத் திரும்பத் திரும்ப வாசிக்கேன்.

இந்த வருஷ அப்ளிகேஷன் இன்னைக்கு சாயங்காலத்தோட அடைப்பு. ஒரு ஆளு வருஷத்துக்கு ஒரு தடவதான் போட முடியும். காலம்பற இருந்து பக்கத்தத் தொறந்து வச்சிட்டு இருக்கேன், எல்லாம் நெரப்பியாச்சு, நீ ஏன் வாறன்னு கேக்க எடம் மட்டும் வெள்ளையாக் கெடக்கு. என்னத்த எழுத? இந்த ஊருல எல்லாருக்கும் கதை எழுதிக் குடுத்தவனுக்குச் சொந்தமா ஒண்ணு மிச்சமில்ல. எனக்கு வேற ஒண்ணுமே நடக்கல்லியா? நடக்கல்ல மோளே. பி.காம். படிச்சேன், கல்யாணம் கழிச்சேன், கிளாஸ் எடுத்தேன். எடுக்கது பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னு ஒரு வரி எழுதினா எவன் எடம் தருவான்?

சரி, எனக்க கஷ்டம் என்னோட போகட்டு. ஒனக்கு எழுதுவோம். நேரம் ஆகுது. இரி, இரி, நீ சொல்ல வேண்டாம், நான் கேக்கேன், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அப்பதான் கதை நேரா வரும். பொன்முடி மலைல எங்கன? எஸ்டேட் லைன் வீட்டுலயா? பஸ்ஸு? ஒரு நாளைக்கு ரெண்டு மூணு... வளைவுல மாடு நின்னா அதுவும் இல்ல. நல்லது. அம்மை? கொழுந்து பறிக்கா. நல்லது, நல்லது. அம்மை ஏதாவது குடிச்சாளா? சும்மா கேட்டேன். இந்த பாஷை படிப்பிக்க ஆசை எங்க இருந்து வந்துது? அது சொல்லு.

ஜார்க்கண்டுல இருந்து பெண்ணுக வந்தாவளா வேலைக்கு... ஆமா, இப்ப எல்லா எஸ்டேட்டுலயும் அவியதானே. தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ம். ஒனக்க அம்மை சொல்லிக் குடுத்தாளா? எங்க வச்சு? கொழுந்து பறிக்கும்போயேவா? இலையக் கையில பிடிச்சு "கொழுந்து", கூடையத் தட்டிக் காட்டி "கூடை", வானத்தக் காட்டி "மழை"... பிறகு? சூப்பர்வைசரப் பாத்தா மரியாதையா என்ன சொல்லணும்னு கேட்டாவளா. அதுக்கு ஒனக்க அம்மை என்ன சொல்லிக் குடுத்தா?

என்னது? "போடா மண்டா"ன்னா? எனக்க கடவுளே, முட்டாளேன்னா! அந்தப் பெண்ணுக வரிசையா நின்னு கையக் கூப்பி, குனிஞ்சு, அவன்கிட்ட... அய்யோ, இரி, கண்ணுல தண்ணி வருது. அவன் என்ன செஞ்சான்? ஓ. மூணு பேர வேலைல இருந்து நிப்பாட்டிட்டானா. அது சிரிக்கக் காரியமில்ல. அம்மை சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சது. பின்னே ஒனக்க அம்மைக்கு மொகமே இல்லாமப் போச்சு... அதுல இருந்துதான் நீ சாயங்காலம் லைன்ல வச்சுச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சியா? சூப்பர்வைசர்ட்ட என்ன சொல்லணும், பஸ்ஸுல என்ன கேக்கணும், ஆஸ்பத்திரில எங்க வலிக்குன்னு எப்படிக் காட்டணும். நிப்பாட்டின மூணு பேரும் திரும்ப வந்தாவளா? ரெண்டு பேரு வந்தாவ. அதுல ஒருத்திக்குக் கொழந்தைக்குக் காய்ச்சல், அவளே தனியாப் போயி டாக்டர்ட்ட எல்லாம் சொல்லிட்டு வந்து ஒனக்க கையப் பிடிச்சாளா...

மோளே. இதுதான் கதை! எனக்க கதைல ஒருத்தி குடிக்கா, ஒருத்தன் தட்டி விடுதான், அவ்வளவுதான். ஒனக்க கதைல பாஷை படிப்பிக்கது இருக்கு. தப்பாச் சொல்லிக் குடுத்தா என்ன ஆகும்னு இருக்கு! சும்மா இரி, பேசாத, கையக் காட்டாத, வந்துட்டிருக்கு எனக்கு. மஹேஷுக்க கம்ப்யூட்டர்ல எழுதுத சாஃப்ட்வேர் காலாவதி ஆயாச்சு, அவன் புதுக்க மாட்டான். இந்தப் பக்கம் தொறந்துதான் கெடக்கு, இதுலயே அடிச்சிருதேன், பொறவு ஒனக்கு காப்பி பண்ணிக்கிடலாம். "எங்கள் மலையில் பேருந்து வராத நாளும் உண்டு, மழை வராத நாள் இல்லை..." எப்படி? இங்கிலீஷுல இன்னும் நல்லாருக்கும். "என் தாயார் ஒரு ஆசிரியை. அவர் செய்த ஒரே தவறு..." ஆகா. "அந்தத் தவறின் மகள் நான்." எனக்கே அழுகை வருது! நர்ஸுமாருக்கு எழுதி எழுதிக் கை மரத்துப்போச்சுன்னு நெனச்சேன், இல்ல கேட்டோ, இன்னும் உயிரு இருக்கு. கடைசி வரி... போட்டாச்சு. ஸ்பெல்லிங் பாத்தாச்சு. சப்மிட். அடிபொளி!

...

செல்வி. இங்க எதுக்கு "டியர் விஜய்குமார்"னு வருது?

இல்ல... இல்ல இல்ல. கை பழக்கத்துல... நான் காப்பி பண்ணணும்னுதானே... அமுக்கிட்டேனே! எனக்க பக்கம்லா இது! எனக்க அப்ளிகேஷன் போயாச்சு! லிங்கம் மவன் விஜய்குமாரு பொன்முடில கொழுந்து பறிக்கவளுக்கு மவளாப் பொறந்தாச்சு! என்ன மோளே செய்யது இப்ப? சரி, பதறாத. ஒனக்கு வேற எழுதுவோம், ஒனக்க அப்பாவ வச்சு எழுதுவோம், அப்பா ஏதாவது...

என்னது? முந்தா நாளே அனுப்பியாச்சா? யாரு எழுதினா? நீயேவா? எந்தக் கதை?

இதே கதையா.

பின்னே இன்னைக்கு எதுக்கு மோளே வந்த? ரெஃபரன்ஸா... எனக்க பேரையா குடுத்திருக்க? இவளப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்கன்னு எனக்கு மெயில் வருமா? அதச் சொல்லத்தான் வந்தியா? அத ஏன் மொதல்லயே சொல்லல்ல! வந்ததுல இருந்து... ஓ. அந்தக் கையக் காட்டினது. நான் பாத்ரூமுன்னு... ம்.

இரி. கொஞ்சம் யோசிக்கட்டு. ஒரே கதை ரெண்டு பேரு அனுப்பியாச்சு. ரெண்டு பேரையும் தள்ளுவான். ஒனக்க கதைய நான் கெடுத்தாச்சு. எனக்க அம்மைக்க கதைய ஊருக்கெல்லாம் குடுத்தவன், கடைசியா ஒனக்க அம்மைய எடுத்தாச்சு.

மேல ஒரு பொத்தான் இருக்கு. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறன்னு. அமுக்கினா எனக்கு இந்த வருஷம் இல்ல. அடுத்த பேட்ச் கவுண்டர்தான். அமுக்கல்லன்னா ஒனக்கும் இல்ல... ஒனக்கு என்ன, இன்னும் வயசிருக்குன்னு சொல்லலாம். சொல்ல வாய் வரல்ல பாரு. அந்தப் பெண்ணுகளுக்குச் சாயங்காலம் சொல்லிக் குடுக்கவ நீ, நானில்ல. உறுதியான்னு கேக்கான். உறுதி ஒண்ணும் இல்ல சாரே, ஆனா... அமுக்கியாச்சு. போயாச்சு. மஹேஷ் நாளைக்கே டோக்கன் கட்டக் கையில தந்திருவான். கௌசல்யாவுக்கு சந்தோசம், நேரத்துக்கு வீட்டுக்கு வருவேன்.

என்ன, எழும்பிட்ட? பஸ்ஸா? போ, போ, அத விட்டா ராத்திரி வரை தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கணும். நான் ஒண்ணும் நெனைக்கல்ல, நீயும் நெனைக்காத. படி பாத்து எறங்கு, மூணாவது படி ஒடஞ்சிருக்கு, அதுக்கும் மஹேஷ்ட்ட சொல்லியாச்சு...

ஆ, வந்துட்டு. மெயில் வந்துட்டு செல்வி, ரெஃபரன்ஸு! இவளை எத்தனை நாளாகத் தெரியும்... அது எழுதிருவேன். இவள் எப்படிப் பேசுவாள், எப்படி விளக்குவாள், ஒரு உதாரணம் தருக... செல்வி? ஏய் மோளே, நில்லு! எனக்க கிளாஸுல நீ ரெண்டு வருஷம் இருந்திருக்க, நீ ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லியே! என்னத்த எழுத நான்? வா, ஏறி வா. அடுத்த பஸ்ஸுல போலாம். நீ பேசு, நான் வாய மூடி மிண்டாம இருக்கேன். சத்தியமா மிண்ட மாட்டேன். செல்வி?